லெவன் செத்தாளா, பிழைத்தாளா?

அவள் செத்தாளா, பிழைத்தாளா?

இது கோர்ட்டில் நடக்கும் கேஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பிறக்கவே இல்லை. அப்புறம் எங்கே சாவது? அமெரிக்க டெலிவிஷன் தொடர் ஒன்றில் வரும் கற்பனைப் பெண் அவள். அவளுக்குப் பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை. ஒரு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "லெவன்" - அதாவது பதினொன்று!

ஆனால் 2026ஆம் ஆண்டு பிறந்த அன்று காலையிலிருந்து உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கட்சி கட்டி நின்றார்கள். செத்துவிட்டாள் என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை, பிழைத்துக்கொண்டாள் என்று ஒரு கட்சி. இரண்டும் கெட்டானாகக் கதையை முடித்துவிட்டார்களே என்று ஆத்திரப்பட்ட மூன்றாவது கட்சியும் உண்டு.

தொடரின் பெயர் "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்". இதை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. முடிவு முழுவதும் இங்கே சொல்லப்படுகிறது.

மார்கழி விடியலில்

கோவையிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையில் பல்லடத்தைத் தாண்டிப் போனால் வருவது பொங்கலூர். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம். ஒரு பக்கம் கோழிப் பண்ணை. நிமிர்ந்து பார்த்தால் காற்றாலை. பஞ்சை நூலாக்கும் மில்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. பொழுது விடிந்தால் பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூரைப் பார்த்துப் பறக்கும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஹாக்கின்ஸ் என்ற சிற்றூருக்கும் இந்தப் பொங்கலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடைசி அத்தியாயம் வெளியானபோது கலிபோர்னியாவில் டிசம்பர் 31ந் தேதி மாலை 5 மணி. அதே நேரம் பொங்கலூரில் ஜனவரி 1, வியாழக்கிழமை, காலை 6.30. மார்கழி மாதம் 17ந் தேதி. கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்து, வாசல் கோலத்தின் நடுவே பூசணிப்பூ வைக்கிற நேரம். அமெரிக்கனுக்கு ஒரு விநாடி முந்தியும் இல்லை, பொங்கலூர்க்காரனுக்கு ஒரு விநாடி பிந்தியும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படம் கோவைத் தியேட்டருக்கு வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். இது பிறந்த கணத்திலேயே செல்போனுக்குள் வந்துவிட்டது.

தமிழ் பேசியும் வந்தது. இந்தியிலும் தெலுங்கிலும்கூடப் பேசியது. ஆகவே பனியன் கம்பெனியில் ஒரு மிஷினில் உட்கார்ந்திருக்கும் மதுரைப் பையன் தமிழில் பார்க்கலாம். பக்கத்து மிஷினில் தைக்கும் பீகார்ப் பையன் இந்தியில் பார்க்கலாம். டீ நேரத்தில் சண்டை மட்டும் ஒரே சண்டையாகத்தான் இருக்கும்.

பொங்கலூரில் வீட்டுக்கு வீடு இதைத்தான் பார்த்தார்கள் என்று எழுதினால் அது வெறும் புளுகு. பெரியவர்களுக்குச் சாயங்காலத்து மாமியார்-மருமகள் தொடரே போதும். இது இளவட்டங்களின் சமாசாரம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு ரிமோட். தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும் ஒரே நாடகம் பார்த்தாக வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் மலிவான பிறகு ஆளுக்கொரு பெட்டி என்று ஆகிவிட்டது. அதே 2016இல், ஜூலை 15ந் தேதிதான் இந்தத் தொடரின் முதல் பருவம் வெளியாயிற்று.

அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த பையன் இப்போது இருபது வயதுக் காளை. நடுவில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். பத்தாவது முடிந்தது. பன்னிரண்டாவது முடிந்தது. சிலர் காலேஜுக்குப் போனார்கள். சிலர் கம்பெனிக்குப் போனார்கள். இத்தனைக்கும் நடுவே ஐந்து பருவங்களாக, 42 அத்தியாயங்களாக ஓடிக்கொண்டிருந்த கதை இது. லெவனாக நடித்த மில்லி பாபி பிரவுன் 2004இல் பிறந்தவர். பார்த்தவர்களோடு சேர்ந்து அவரும் வளர்ந்தார்.

மணிக்கட்டில் நம்பர்

கதை 1983 நவம்பரில் தொடங்குகிறது. நான்கு பையன்கள் ஒரு வீட்டின் நிலவறையில் பகடை உருட்டி விளையாடுகிறார்கள். ராட்சசர்களும் மந்திரவாதிகளும் வருகிற விளையாட்டு. அன்று இரவு அவர்களில் ஒருவனான வில் காணாமல் போகிறான். தேடிப் போன மூன்று பேரும் கொட்டுகிற மழையில், காட்டில், ஒரு சிறுமியைக் கண்டெடுக்கிறார்கள். ஒட்ட வெட்டிய தலை. மணிக்கட்டில் 011 என்று பச்சை குத்தியிருக்கிறது. சர்க்கார் சோதனைச்சாலை ஒன்றில் எலியை வளர்ப்பது போல் அவளை வளர்த்திருக்கிறார்கள். மனத்தாலேயே கதவைச் சாத்துவாள். ஓடுகிற வேனைத் தூக்கி எறிவாள். ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கிலிருந்து ரத்தம் கசியும்.

இந்த உலகத்துக்கு மறுபுறம் ஒரு தலைகீழ் உலகம். அதே தெரு, அதே வீடு. ஆனால் எங்கும் இருட்டு, கொடி, சாம்பல். அங்கிருந்து வருகிற பயங்கரங்களை இந்தப் பையன்களும் அந்தப் பெண்ணும் எதிர்க்கிறார்கள். மாட் டஃபர், ராஸ் டஃபர் என்ற இரட்டைச் சகோதரர்கள் உருவாக்கிய கதை இவ்வளவுதான். விஞ்ஞானம் பாதி, பேய்க்கதை பாதி. தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கலவை புதிதும் அல்ல. சுஜாதா எழுதிய "என் இனிய இயந்திரா"வில் ஜீனோ என்ற யந்திர நாய்க்குட்டி வந்து கொள்ளையடித்த மனங்கள் எத்தனை! அது தூர்தர்ஷனிலும் தொடராக வந்ததே!

இனி, தகராறுக்குக் காரணமான முடிவைக் கேளுங்கள்.

வெக்னா என்ற வில்லன் ஒழிகிறான். தலைகீழ் உலகத்தையே வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். லெவன் மட்டும் வாசலுக்கு அந்தப் புறம் நின்றுவிடுகிறாள். அவள் உயிரோடு இருக்கும் வரை பட்டாளத்தார் அவளை விடப் போவதில்லை. அவள் ரத்தத்தை எடுத்து இன்னும் பல குழந்தைகளை இதே கதிக்கு ஆளாக்குவார்கள். தன்னோடு இது தொலையட்டும் என்பது அவள் முடிவு. காதலன் மைக்கிடம் மனத்தின் வழியாகவே விடை பெறுகிறாள். வெடி வெடிக்கிறது. வாசலோடு அவளும் மறைகிறாள்.

இதோடு விட்டிருந்தால் ரசிகர்கள் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள்.

விடவில்லை. 18 மாதம் கழிகிறது. பையன்கள் பள்ளிக்கூடத்தை முடித்துப் பட்டம் வாங்குகிறார்கள். கடைசியாக ஒரு தடவை அதே நிலவறையில் பகடை உருட்ட உட்காருகிறார்கள். அப்போது மைக் ஒரு கதை சொல்கிறான். அன்று வாசலில் நின்றது லெவனே இல்லை; அது ஒரு மாயத் தோற்றம். அவளோடு அதே சோதனைச்சாலையில் அடைபட்டிருந்த இன்னொரு பெண், சாகிற தறுவாயில் அந்த மாயையைக் காட்டினாள். (அந்தப் பெண்ணின் பெயர் காளி. கதைப்படி இந்திய வம்சம். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் அவள் வித்தை. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்!) உண்மையான லெவன் யார் கண்ணிலும் படாமல் நழுவிப் போய், மூன்று அருவிகள் விழுகிற எங்கோ ஒரு தூர தேசத்தில் இருக்கிறாள் என்கிறான் மைக்.

ஆதாரம்? ஒன்றே ஒன்று சொல்கிறான். பட்டாளத்தார் அன்று ஒலிக்க விட்டிருந்த யந்திரத்தின் ஓசையில் அவள் சக்தி வேலை செய்யாது. அப்படியிருக்க, அவள் எப்படி என் மனத்துக்குள் வந்து பேசினாள்?

நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக, நம்புகிறோம் என்கிறார்கள். பிறகு மாடிப்படி ஏறிப் போகிறார்கள். மைக்கின் தங்கையும் அவள் தோழர்களும் ஓடி வந்து அதே மேஜையில் உட்காருகிறார்கள். மைக் கதவைச் சாத்துகிறான். கதை முடிந்தது.

மொத்தம் 2 மணி 8 நிமிஷம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த ஒரு அத்தியாயத்தை 500க்கு மேற்பட்ட தியேட்டர்களில் போட்டுக் காட்டினார்கள்.

கட்சிகளும் வாதங்களும்

செத்தாள் கட்சிக்காரர்களின் வாதம் சுலபமானது. கண்ணால் பார்த்தது சாவு; மைக் சொன்னது வெறும் கதை. துக்கம் தாங்காத பையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதல். அவள் தியாகத்தை மாயமந்திரம் என்று சொன்னால் தியாகத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

பிழைத்தாள் கட்சிக்காரர்கள் பழைய கணக்குகளைப் புரட்டுகிறார்கள். முதல் பருவத்தின் முடிவிலேயே இவள் ராட்சசனோடு சேர்ந்து மறைந்து போனவள்தானே? மைக் 353 நாள் வயர்லெஸ்ஸில் அவளைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தான். வந்தாளா இல்லையா? போலீஸ் தலைவர் ஹாப்பர் 2019இல் வந்த பருவத்தில் வெடிவிபத்தில் செத்ததாகக் காட்டினார்கள். 2022இல் ரஷ்யச் சிறையில் உயிரோடு இருந்தார். மேக்ஸ் என்ற பெண்ணுக்கு இதயமே நின்றுவிட்டது. அவளும் எழுந்து வந்தாள். இத்தனை பேரைச் சாகடித்துப் பிழைக்க வைத்தவர்கள், இந்த ஒருத்தி விஷயத்தில் மட்டும் சாவை நம்பு என்றால் ரசிகன் எப்படி நம்புவான்? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம்பாதே என்று ரசிகனைப் பழக்கியவர்களே அவர்கள்தான்.

மூன்றாவது கட்சியின் கோபம் வேறு. கொல்லத் தைரியம் இல்லை, வாழ வைக்க மனம் இல்லை; இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கூடவே ஓட்டை உடைசல்களையும் அடுக்குகிறார்கள். கடைசிப் போரில் பழைய ராட்சசப் பிராணிகளில் ஒன்றைக்கூடக் காணோமே? பெரும் படையோடு வந்த பட்டாளத்துத் தலைவி பிற்பாடு என்ன ஆனாள்? பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அது கீழே வரை ஓடும். பிசிறு வெட்டும் பெண்ணிலிருந்து செக்கிங் மாஸ்டர் வரை திருப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ஒன்பது வருஷம் பின்னிய துணியைக் கடைசி மேஜையில் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று அவர்கள் சொல்வது இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் இந்த ஓட்டைகளுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. விவாதத்தைச் சூடாக்கியது இன்னொரு கேள்வி. பிறந்தது முதல் பிறருக்காக ரத்தம் சிந்திய பெண் அவள். விளையாட்டு கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, வீடு கிடையாது. எல்லாரையும் காப்பாற்றி விட்டாள். எல்லாரும் பட்டம் வாங்குகிறார்கள், கல்யாணத்துக்கு நிச்சயம் செய்கிறார்கள். அவளுக்கு மட்டும் சாவா? அதுதான் கூலியா?

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியின் கனம் வேறு. "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம் பெண்கள் நூல் மில் விடுதிகளில் மூன்று வருஷம் அடைபட்டு வேலை செய்ததும், கல்யாணச் செலவுக்கென்று கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லப்பட்டதும், அந்தத் தொகை கைக்கு வராமல் போனவர்களின் கதையும் பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கின்றன. கடைசி நாளில் கைக்கு என்ன வருகிறது என்பது இந்த வட்டாரத்தில் கதைக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. லெவனுக்கு மூன்று அருவியாவது கிடைக்கட்டும் என்று ஒரு பெண் விரும்பினால் அது வெறும் ரசிகப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது.

ஏழாம் தேதி வதந்தி

இதற்குப் பிறகு நடந்தது விசித்திரம். முடிவை ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டம், பார்த்தது முடிவே இல்லை என்று கிளம்பிவிட்டது!

கடைசிக் காட்சிகள் எல்லாம் வில்லன் வெக்னா காட்டும் மாயை. உண்மையான கடைசி அத்தியாயம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜனவரி 7ந் தேதி அது வெளிவரும். இதுதான் வதந்தி. அதற்கு ஆதாரங்கள் வேறு! பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருந்தவர்கள் கையைக் கோத்திருந்த விதத்தைப் பாருங்கள், வில்லனும் அப்படித்தானே கோத்திருப்பான் என்றார்கள். மேலங்கியின் நிறத்தைப் பாருங்கள் என்றார்கள். ஏழு என்ற எண்ணைப் பாருங்கள் என்றார்கள். முதல் அத்தியாயத்தில் பகடையில் ஏழு விழுந்த இரவில்தானே வில் காணாமல் போனான்?

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் துப்பறியும் தொடர்கதை படித்து வளர்ந்த தமிழ் வாசகனுக்கு இந்தப் புத்தி கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். வாரா வாரம் நடுவில் ஆறு நாள் இடைவெளி. அந்த ஆறு நாளும் கொலைகாரன் யார் என்று வீட்டுத் திண்ணையில் தர்க்கம்.

இங்கே இடைவெளி ஆறு நாள் அல்ல. நான்காம் பருவம் முடிந்தது 2022 ஜூலையில்; ஐந்தாம் பருவம் தொடங்கியது 2025 நவம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல்! நடுவில் 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதனாலும் தாமதம். (கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்துவது பொங்கலூருக்குப் புதிதல்ல. கதை எழுதுகிறவனும் தறியை நிறுத்துவான் என்பதுதான் புதுச் செய்தி.) அந்த மூன்று வருஷமும் ரசிகன் சும்மா இருந்தானா? தன் மனத்திலே தானே ஒரு முடிவை எழுதிக்கொண்டான். ஊருக்கு ஒரு முடிவு, ஆளுக்கு ஒரு முடிவு. டஃபர் சகோதரர்கள் தங்கள் முடிவைக் கொண்டு வந்தபோது அது அத்தனை முடிவுகளோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. ஒன்றாவது தோற்றவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஜனவரி 7 வந்தது. புதன்கிழமை. புது அத்தியாயம் எதுவும் வரவில்லை.

படுகளம்

பொங்கலூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் காங்கேயம். அந்தப் பகுதியில் ஓலப்பாளையம் என்று ஓர் ஊர். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் 1960களில் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்தார். 1965இல் உடுக்கையடிப் பாடகர்கள் பாடிய ஒரு கதையை டேப் ரிகார்டரில் பதிவு செய்தார். பாடி முடிய 18 இரவுகள் ஆயின. அதுதான் கொங்கு நாடு முழுவதும் கேட்டு வளர்ந்த அண்ணன்மார் கதை, பொன்னர்-சங்கர் கதை. பிற்காலத்தில் அவரே முன்நின்று அதை 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் செய்தார்.

18 இரவு என்றால் அதுவும் ஒரு பருவம்தானே! அதற்கும் கடைசி இரவு உண்டு. வேட்டுவரோடு நடந்த போரில் சங்கர் மாய்கிறான், பொன்னரும் மாய்கிறான். வீரர்கள் விழுந்து கிடக்கிற இடம் படுகளம். தங்கை அருக்காணித் தங்காள் அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு அங்கே வருகிறாள். ஊரே செத்துவிட்டார்கள் என்று சொன்னாலும் அவள் மனம் ஒப்பவில்லை. அம்மன் அருளால் அண்ணன்மாரை எழுப்புகிறாள்; அவர்களோடு பேசுகிறாள். எழுந்தவர்கள் பிழைத்தே இருந்தார்களா, தங்கையிடம் பேசிவிட்டு மறுபடி கண் மூடினார்களா? பாடுகிறவருக்குப் பாடுகிறவர் கொஞ்சம் மாறும். இன்றும் அண்ணன்மார் கோயில் விழாக்களில் ஆட்கள் படுகளத்தில் செத்தவர்கள் போல விழுகிறார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள்.

மைக்கும் அதைத்தான் செய்தான். அவன் கையில் தீர்த்தம் இல்லை. ஒரு கதை இருந்தது. நண்பர்கள் நம்புகிறோம் என்று சொன்னது, படுகளத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம் குலவை போடுவது மாதிரி.

வித்தியாசம் ஒன்று உண்டு. அண்ணன்மார் கதையில் அடுத்தது என்ன என்று தெரியாமல் எவனும் கேட்கப் போவதில்லை. சங்கர் விழுவான் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் வருஷா வருஷம் போய் உட்கார்ந்து அழுகிறார்கள். டெலிவிஷன் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் தடவை பார்ப்பதிலேயே எல்லாத் தீர்ப்பும் நடந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பார்க்கிறவன் என்ன சொல்வான் என்று அன்று காலையில் யாருக்குத் தெரியும்?

கல்கிக்கும் கடிதம் வந்தது

முடிவு பிடிக்கவில்லை என்று சண்டை போடுவது செல்போன் காலத்து வியாதி என்று பெரியவர்கள் நினைத்தால், அவர்கள் 1954ஆம் ஆண்டை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

1950 அக்டோபரில் தொடங்கிய "பொன்னியின் செல்வன்" 1954 மே மாதத்தில் கல்கி பத்திரிகையில் முடிந்தது. மூன்றரை வருஷம் வாரா வாரம் காத்திருந்து படித்த வாசகர்கள் திகைத்துப் போனார்கள். திடீரென்று முடித்துவிட்டீர்களே! இன்னார் என்ன ஆனார்? இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா? கடிதங்கள் வந்தன. கல்கி அவற்றைக் குப்பைக் கூடையில் போடவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதினார். ஏன் இந்த இடத்தில் நிறுத்தினேன் என்று காரணம் சொன்னார். பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்ற விவரங்களையும் கொடுத்தார். அந்த முடிவுரை இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அச்சாகிறது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

ஆனாலும் ஒன்றை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? அதைத் தமிழ்நாடு இன்னும் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறது. 2023இல் மணிரத்னம் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது, படத்தில் காட்டியது சரியா, கல்கி சொன்னது என்ன என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

கல்கி செய்தது போல எழுதி விளக்கம் கொடுத்தால் சண்டை தீருமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் "லாஸ்ட்" என்று ஒரு தொடர் வந்தது. விமானம் நொறுங்கி ஒரு மர்மத் தீவில் விழுந்தவர்களின் கதை. 2004இல் தொடங்கி 2010 மே 23ந் தேதி முடிந்தது. அன்றும் ரசிகர்கள் இதே போல இரண்டாகப் பிரிந்தார்கள். இவர்கள் எல்லாரும் முதல் நாளே செத்தவர்கள். ஆறு வருஷமாக நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பலர் குதித்தார்கள். கதைப்படி அப்படி இல்லை. தீவில் நடந்ததெல்லாம் நடந்ததுதான் என்று கடைசிக் காட்சியிலேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. பின்னே ஏன் இந்தக் குழப்பம்? கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, கடற்கரையில் சிதறிக் கிடக்கும் விமானத்தின் காட்சியைக் காட்டினார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்சி. அதைச் சேர்த்தவர்கள் கதாசிரியர்கள் அல்ல, டெலிவிஷன் கம்பெனிக்காரர்கள். அழுதுகொண்டிருக்கிறவர்களுக்கு உடனே செய்தி நிகழ்ச்சியைப் போட்டால் அதிர்ச்சியாக இருக்குமே, கொஞ்சம் மூச்சு விடட்டும் என்ற நல்லெண்ணத்தில் சேர்த்தார்களாம்! ஆள் இல்லாத கடற்கரையைப் பார்த்த ரசிகன், அப்படியானால் ஒருவருமே பிழைக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டான். கதாசிரியர்களில் ஒருவரான டேமன் லிண்டலாஃப் வருஷக் கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் இன்றுவரை அவர்கள் முதலிலேயே செத்தவர்கள் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டஃபர் சகோதரர்களும் பேட்டிகள் கொடுத்தார்கள். அவள் பிழைத்தாளா என்ற கேள்விக்கு மட்டும் ஆம், இல்லை என்று நேராகப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். அந்தப் பாத்திரங்கள் நம்புவதென்று தீர்மானித்தார்கள், அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ரசிகர்கள் அன்றே கையைக் கழுவியிருப்பார்கள்.

மாடிப்படி

லெவனைப் பற்றிய சண்டையில் அதிகம் பேசப்படாமல் போன ஒரு காட்சி உண்டு. பகடை விளையாட்டை முடித்து, ஆளுக்கொரு புத்தகமாக அலமாரியில் வைத்துவிட்டு, பையன்கள் மாடிப்படி ஏறிப் போகிற காட்சி. ராட்சசனும் இல்லை, ரத்தமும் இல்லை. பள்ளிக்கூடத்து நண்பர்கள் நாளையிலிருந்து ஆளுக்கொரு திசையில் போகப் போகிறார்கள், அவ்வளவுதான். செத்தாள் கட்சி, பிழைத்தாள் கட்சி இரண்டுமே அந்த இடத்தில் அழுதுவிட்டதை ஒப்புக்கொள்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் கடைசி நாளன்று சட்டையில் மையைத் தெளித்துக்கொண்டு பிரிந்த பையன்கள் பொங்கலூரிலும் இருக்கிறார்கள். ஒருவன் கோவையில் என்ஜினீயரிங். ஒருவன் கம்பெனியில் சம்பளத்துக்கு. ஒருவன் அப்பாவின் தறிக்குடோனில். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு முதல் பருவத்தைப் பார்த்த கூட்டம் இப்போது கடைசி அத்தியாயத்தை வெவ்வேறு அறையில், வெவ்வேறு நேரத்தில் பார்க்கிறது. அந்தப் பெண் செத்தாளா பிழைத்தாளா என்று இரவு பதினொரு மணிக்கு ஒருவன் மற்றவனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறான் என்றால், போன் போட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

தொடர் முடிந்தாலும் வியாபாரம் முடியவில்லை. இதே பாத்திரங்களை வைத்து ஓர் அனிமேஷன் தொடரை 2026இல் வெளியிடுவதாக நெட்பிளிக்ஸ் அறிவித்தது. கதை நடப்பது 1985ஆம் ஆண்டு குளிர்காலத்தில். அந்த வருஷத்தில் லெவன் ஹாக்கின்ஸ் ஊரிலேதான் இருந்தாள். அதில் எந்தக் கட்சிக்கும் சந்தேகம் இல்லை.